ஜெபசுதா தைக்காத துணிகள்

என் மைனி ஜெபசுதாவுக்குத் தைக்கத் தெரியாது. பித்தான் அறுந்தால்கூட ஊக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள். இந்த ஒரு விஷயத்தை வாய் திறந்து சொல்ல எனக்கு முப்பத்தொரு வருடம் பிடித்தது. ஏனென்றால் அவள் புருஷனான என் அண்ணன் நேசக்குமார், அவளைப் போலத் தைக்கிறவள் பூலோகத்திலேயே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தான். அவன் அப்படி நம்பியதற்குக் காரணமும் நான்தான். ஆகவே என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாசரேத்தில் நானும் ஜெபசுதாவும் ஒரே ஹாஸ்டலில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்தோம். கைவேலைத் தேர்வுக்கு ஆளுக்கொரு ஒட்டுப்போர்வை தைக்க வேண்டும். துண்டுத் துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைத்து, அடியில் பழைய சேலையை மடித்து வைத்துத் தைக்கிற கனத்த போர்வை. எங்கள் டீச்சர் அதைக் குவில்ட் என்பார். ஜெபசுதா இரண்டு சதுரம் தைப்பதற்குள் மூன்று விரலில் குத்திக்கொண்டு ரத்தத்தோடு வந்து நின்றாள். எனக்குக் கணக்கு வராது. அவளுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. அவள் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள், நான் அவள் போர்வையைத் தைத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் பாஸ்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? கப்பலில் சமையல்காரனாக இருந்த அண்ணனுக்குப் பெண் தேடியபோது ஜெபசுதா பேரைச் சொன்னதும் நான்தான். பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் அப்பா ஞானையா ஹெட்மாஸ்டர் உள்ளே போய் அந்தப் போர்வையை எடுத்துக்கொண்டு வந்து, "எங்க பிள்ளை தன் கையால தச்சது" என்று அண்ணன் மடியில் விரித்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

கல்யாணமான நாலாவது மாதம் அண்ணன் அதை மடித்து எடுத்துக்கொண்டு கப்பலேறினான். அந்தக் கான்ட்ராக்ட் முடிந்து திரும்பும்போது பெட்டியில் ஆறு துணி இருந்தது. எல்லாம் நல்ல பருத்தி, ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குள். "கப்பல்ல எல்லாவனும் உன் போர்வையத்தான் பாக்கான், சுதா. அடுத்தது இன்னும் நல்லா தைக்கணும்னா நல்ல துணி வேணும்லா" என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது. டர்பன், மொம்பாசா, கோபே, சாண்டோஸ் என்று எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் காய்கறி மீன் வாங்கிய கையோடு துணிக்கடை தேடிப் போவான். இருபத்தாறு வருடம் போனான்.

மைனி எப்படிப்பட்டவள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடி முத்தையாபுரத்தில் நடுநிலைப்பள்ளிக் கணக்கு டீச்சர். நடந்தால் பக்கத்தில் வருகிறவர்கள் ஓட வேண்டும். தெருவில் எந்தப் பிள்ளை கணக்கில் தோற்றாலும் இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்துவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் எங்களுக்குள் ஏளா, போளா என்றுதான் பேச்சு. கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கு முன்னால் மைனி, அடுப்படிக்குள் மறுபடியும் ஏளா. அண்ணன் கப்பலிலிருந்து வந்தால் பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறப்பாள். சோப்பு, சாக்லேட், சென்ட் எல்லாம் ஒரு மணி நேரத்தில் தெருவுக்குப் போய்விடும். "உனக்குன்னு ஒண்ணு வச்சுக்கயேன்" என்று நான் கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். அப்படிப்பட்ட கை, துணிப் பொட்டலத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காது. கொடுத்தால் அண்ணன் கேட்பானே. அதைத் திறக்காமலே தூக்கிக்கொண்டுபோய்ப் பின் அறை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பாச்சா உருண்டை வைத்துப் பூட்டுவாள்.

"இத எங்க வாங்கினேன் தெரியுமா, சுதா" என்று அண்ணன் ஆரம்பிப்பான். "சோறு ஆறிப்போவும், எந்திரிங்க" என்று அவள் எழுந்துவிடுவாள். உட்கார்ந்து கேட்டால் அடுத்த கேள்வி எப்போது தைக்கப்போகிறாய் என்பதுதானே. எனக்கு அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது. தப்பித் தவறி அவன் கேட்டுவிட்டால் ஒரே பதில்தான். "ரிட்டயர் ஆவட்டும். அப்புறம் பாருங்க."

ஆனால் முதலில் ரிட்டயர் ஆனது அண்ணன். நாலு வருடமாக வீட்டில்தான் இருக்கிறான், சமையலும் அவன்தான். போன ஐப்பசியில் மகள் ஈவாஞ்சலின் பெங்களூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வருவதாக முடிவாயிற்று. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. தூசியும் பாச்சா உருண்டை வாசமும் ஆகவே ஆகாது. காற்று வருகிற அறை அந்தப் பின் அறை ஒன்றுதான். அதில் பதினோரு டிரங்குப் பெட்டி.

மைனி என்னை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏளா பிளாரன்ஸ், அந்தத் துணி போவணும். உங்க அண்ணனுக்குத் தெரியாம போவணும்."

"என் பள்ளிக்கூடத்துத் தையல் கிளாஸுக்குக் குடேன். பிள்ளைங்க பழைய பேப்பர்ல தச்சுப் பழகுது."

"உன் பள்ளிக்கூடம் எங்கன இருக்கு? ரெண்டு தெரு தள்ளி. ஒரு பிள்ளை அதுல பாவாடை தச்சுப் போட்டுக்கிட்டு வந்தா அவிய கண்ணுல படாதா? இத்தன வருஷம் சொமந்துட்டு வந்தத இவ வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டாளேன்னு நெனச்சா அந்த மனுஷன் தாங்குவாவளா?"

அவள் பயமெல்லாம் அதுதான். அறை காலியாவது பெரிய விஷயமில்லை. துணி நல்ல இடத்துக்கும் போக வேண்டும், அண்ணன் கண்ணிலும் படக்கூடாது. தூத்துக்குடி என்ன மதராஸ் பட்டணமா? ஒரு முனையில் தும்மினால் மறு முனையில் ஆசீர்வாதம் சொல்கிற ஊர்.

துறைமுகம் போகிற ரோட்டில் ஒருவர் பழந்துணி எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு பை துணியோடு இரண்டு பேரும் போனோம். லாரிக்கும் லாஞ்சுக்கும் எஞ்சின் துடைக்க விற்கிறவர் அவர். மஞ்சளில் குட்டிக் குட்டி எலுமிச்சம்பழம் போட்ட ஒரு துணியை எடுத்து, "காட்டன்தான் ஆயில நல்லா இழுக்கும், டீச்சர்" என்று தன் கையிலிருந்த கிரீஸை அதில் துடைத்துக் காட்டினார். மைனி அவர் கையிலிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் அதிலிருந்த கிரீஸை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுதாள். "எனக்கு வேண்டாதது வேற. அதுக்காவ இப்பிடியா?" என்றாள். முப்பது வருடமாகத் திட்டித் திட்டிப் பூட்டி வைத்த துணிக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கே பாவமாகிவிட்டது. ஆனாலும், "மூக்கத் தொடச்சுக்க, ஊர் பாக்கு" என்றுதான் சொன்னேன்.

அப்புறம் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. எங்கள் சபையில் பண்டிகைக்குக் காணிக்கையாக வருகிற கோழி, வாழைத்தார், கேக், தலையணை உறை எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்திலேயே ஏலம் விடுவார்கள். ஊரெல்லாம் வரும். யார் யாரோ எடுத்துப் போவார்கள். அந்த நேரத்தில் அண்ணன் எங்கே இருப்பான்? கோயிலுக்குப் பின்னால் அசனத்துக்கு, அதாவது ஊருக்கே போடுகிற பண்டிகைச் சாப்பாட்டுக்கு, ஆட்டுக்கறி கிண்டிக்கொண்டிருப்பான். ரிட்டயர் ஆனதிலிருந்து அசனச் சமையல் அவன் பொறுப்பு. பந்தி முடியும்வரை கறி வேகிற பெரிய செம்பை விட்டு நகர மாட்டான். துணி கோயிலுக்குப் போனதாகவும் ஆச்சு, வெளியூர்க்காரன் கைக்குப் போனதாகவும் ஆச்சு. திட்டம் யாருடையது என்று கேட்காதீர்கள். என்னுடையதுதான்.

அண்ணன் விடியற்காலையில் கறி எடுக்கப் போன நேரம் பார்த்து, பதினோரு பெட்டியையும் காலி பண்ணி ஆறு சாக்கில் கட்டி ஆட்டோவில் அனுப்பினோம். பேர் எழுதவில்லை. காலிப் பெட்டிகளைப் பழையபடி பூட்டி வைத்தோம். துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி அடுத்த வாரம் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று ஏற்பாடு.

ஏலம் விட்டது பெனிஸ்டன், கோயில் கமிட்டிக்காரன். அவன் ஒரு சாக்கை அவிழ்த்து நாலு துணியை விரித்துக் காட்டினதும் கூட்டம் வாயைப் பிளந்தது. முதலில் கேட்டவள் பேச்சிச்செல்வி. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிறவள், உப்பளத்தில் வேலை. மழைக்காலத்தில் உப்பளம் கிடையாது. அந்த மூன்று மாதமும் இன்னும் ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு பையும் தலையணை உறையும் தைத்து விற்பாள். அவள் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். பெனிஸ்டன் "ரெண்டு தரம்" என்று சொல்லி வாயை மூடவில்லை.

பின்னாலிருந்து "நான் எடுக்கேன்" என்று ஒரு சத்தம். திரும்பினால் அண்ணன். இடுப்பில் துண்டு, கையில் கரண்டி. உப்பு வாங்க முன்பக்கம் வந்தவன் கண்ணில் துணி பட்டுவிட்டது. பேச்சிச்செல்வி ஏற்றினாள். அவன் அதற்கு மேல் ஏற்றினான். அவள் இன்னும் ஏற்றினாள். அவன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "இந்தா பாரும்மா, எவ்ளோ கேட்டாலும் இது எங்க வீட்டுப் பொருள்" என்றான். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டார் பொருத்தனை பண்ணி, அதாவது நேர்ந்துகொண்டு, படைத்த பொருளை இன்னொரு கைக்கு விடமாட்டார்கள். எவ்வளவு ஏறினாலும் தாங்களே ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆண்டவருக்குக் கொடுத்தாயிற்று, அவர் திருப்பித் தந்துவிட்டார் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். இரண்டு டீச்சர்களுக்கும் அது சுத்தமாக மறந்துபோயிற்று. இதற்குப் பேர் படிப்பு.

சாயங்காலம் ஆறு சாக்கும் வீட்டுக்கு வந்து பழையபடி பின் அறையில் இறங்கியது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஈவாவுக்காவத்தான பொருத்தனை பண்ணின? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. நல்ல வேளை உப்பு வாங்க வந்தேன். இனி இது ஆண்டவரே உனக்குக் குடுத்தது, சுதா. ரிட்டயர்மென்ட் வரைக்கும் வச்சிருக்காத. பிள்ளை பிறக்கதுக்குள்ள ஒரு போர்வை தச்சிரு."

மறுநாள் பரணிலிருந்து எங்கள் அம்மாவின் தையல் மெஷினை இறக்கினான். துடைத்தான், எண்ணெய் போட்டான், பெல்ட் மாற்றினான். ஜன்னல் ஓரம் வெளிச்சம் பார்த்து வைத்து ஒரு ஸ்டூலும் போட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்த மைனி அதைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"ஏளா, இன்னும் ஒண்ணே ஒண்ணு தச்சுத் தா. ராத்திரியோட ராத்திரியா கொண்டுபோயி வச்சிருதேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஒண்ணு தச்சுக் குடுத்ததுக்கு ஒரு ரூம் நெறைய வந்து நிக்கி. இன்னொண்ணு தச்சா வீடே பத்தாது. அந்த மனுஷன் ஸ்டூல் போட்டு வச்சிருக்கான், போய்ச் சொல்லு. இல்லாட்டி நான் வந்து சொல்லுவேன்" என்று கத்திவிட்டேன். "வேண்டாம். நானே சொல்லுதேன். நீ கூட மட்டும் வா" என்றாள். போனேன்.

அண்ணன் அடுப்படியில் சீலா மீன் கழுவிக்கொண்டிருந்தான். மைனி வாசலிலேயே நின்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். போர்வை நான் தைத்தது, அவளுக்கு ஊசி பிடிக்கவே வராது, துணியைக் கோயிலில் போட்டது அவன் கண்ணில் படாமல் இருக்கத்தான், பொருத்தனை எதுவும் கிடையாது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீயா தச்ச?"

"ஆமாண்ணே."

அவன் மீனை மறுபடியும் கழுவினான். ஏற்கெனவே கழுவின மீன். "தைக்கத் தெரியாதது ஒரு குத்தமா, சுதா? கப்பல்ல பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது." மீனைத் தட்டில் வைத்தான். "நான் ஒவ்வொரு தடவையும் வந்து உக்காந்து, இத எங்க வாங்கினேன் தெரியுமான்னு ஆரம்பிப்பேன். நீ எந்திரிச்சுப் போயிருவ. ஒன்பது மாசம் பேச ஆளில்லாம இருந்துட்டு வாரேன், இவளுக்கு என் பொழப்புல ஒரு இதுவும் இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன். சரி, துணியாவது பிடிச்சிருக்குன்னு வாங்கிட்டே இருந்தேன்."

நான் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது இதுதான். என் பிள்ளைத்தனமான ஒரு உதவி அந்த இரண்டு பேருக்கு நடுவில் இத்தனை வருடப் பேச்சை விழுங்கியிருக்கிறது.

இரண்டு நாள் அண்ணன் பேசவில்லை. சமைத்தான், பரிமாறினான், போய்ப் படுத்தான். குழம்பில் உப்பு, புளி எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் அவன் உப்பை அள்ளிப் போட்டிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. நான் போனபோது அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். மைனி ஒரு சாக்கை அவிழ்த்துக் கையில் வந்த ஒரு துணியை உருவினாள். கருநீலம், ஓரத்தில் சிவப்பாகக் கோழிகள் நடந்துபோகிற துணி. அதை அவன் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இது எங்க வாங்கினது?"

"இப்ப எதுக்கு?"

"இப்பத்தான கேக்க முடியும். இனி நீங்க தைக்கச் சொல்ல மாட்டியல்லா."

அண்ணன் துணியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் விரித்தான். "மொம்பாசா" என்றான். "ஈவா பிறந்திருக்கான்னு போன்ல கேட்ட அன்னைக்கு வாங்கினது. கடைய மூடிட்டான். நான் ஷட்டரத் தட்டுதேன். பொம்பளப் பிள்ளை பிறந்திருக்குன்னு கைய இப்பிடி ஆட்டிக் காட்டுதேன், அவனுக்குப் புரியல. அவன் பெண்டாட்டி மாடியில இருந்து எட்டிப் பாத்துட்டு இறங்கி வந்து திறந்துவிட்டா. இந்தக் கோழி போட்டத அவதான் எடுத்துக் குடுத்தா, காசு வாங்கல."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்ல வந்தேன். நீ பிள்ளை அழுதுன்னு எந்திரிச்சுட்ட."

மைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணன் அவள் தலையில் கையை வைத்தான். எனக்கு முன்னால் அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நான் அடுப்படிக்குப் போய் இல்லாத வேலை ஒன்றைச் செய்தேன்.

அடுத்த வாரம் பேச்சிச்செல்வியைக் கூப்பிட்டு வரச் சொன்னது மைனிதான். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ஏலத்தில் விட்ட கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை. "அண்ணாச்சி அன்னைக்குக் கரண்டியத் தூக்குன தூக்குல எங்க பிள்ளையெல்லாம் பயந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே ஐந்து பெண்களோடு வந்து உட்கார்ந்தாள். போர்வை, பை, பிள்ளைகளுக்குச் சட்டை, என்ன வேண்டுமானாலும் தைத்து விற்றுக்கொள்ளுங்கள் என்று அண்ணனே சொன்னான். வெட்டும் அளவும் தையலும் நான் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. அந்தத் துணி நாளைக்கு ஊர் முழுக்க நடக்கும், பார்க்கலாம், யாருக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. துணியைச் சாக்கோடு தூக்கிக் கொடுக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து விரிப்பான். எந்தத் துறைமுகம், எந்தக் கடை, மழையா வெயிலா, கடைக்காரன் என்ன சொன்னான், அன்றைக்குக் கப்பலில் என்ன சமைத்தான், எல்லாம் சொல்வான். சொல்லி முடித்த பிறகுதான் துணி பேச்சிச்செல்வி கைக்குப் போகும். அவளும் அந்தப் பெண்களும் வாயைப் பிளந்து கேட்டார்கள். "அங்கனயும் உப்பளம் உண்டுமா, அண்ணாச்சி?" என்று ஒருத்தி வேறு எடுத்துக் கொடுத்தாள். பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு சாக்கில் பாதிகூடத் தீரவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, ஞாயித்துக்கிழம ஈவா வந்து எறங்கிருவா. ரூம் எப்போ காலியாவது, எப்போ கழுவது? மொத்தமா தூக்கிக் குடு, கதைய அப்புறம் சொல்லலாம்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஈவாஞ்சலின் போன் பண்ணினாள். மைனி எடுத்தாள். அறை ரெடியா என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. மைனி ஒரு கையில் போனும் மறு கையில் அடுத்து விரிக்க வேண்டிய துணியுமாக அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இல்லட்டி, ஆவல" என்றாள். "சாக்கெல்லாம் கூடத்துக்குத் தள்ளிட்டு அந்த ரூம கழுவி வைக்கோம், நீ வந்து படுத்துக்க. துணி மட்டும் இப்போதைக்குப் போவாது. அப்பா இன்னும் சொல்லி முடிக்கல."

போனை வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பி, "ம், இது எங்க வாங்கினிய?" என்றாள்.